கேட்டுக்கு வெளியே நின்ற துப்பாக்கி

1

இந்தக் கதை, கல்லூரி விடுதியில் நான் அளந்துவிட்ட ஒரு பொய்யிலிருந்து வந்தது. எட்டாம் வகுப்பில் என்னைப் பாம்பு கடித்தபோது, அப்பா துப்பாக்கியும் கையுமாகப் பள்ளிக்கூடச் சுவரேறிக் குதித்து என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று சொல்லிவைத்தேன். மூன்று வருஷம் அது ஜோராக ஓடியது. உண்மையில் அப்பா கேட்டைத் தாண்டவே இல்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: பரளச்சிக் கரிசலில் அன்று வெயில்...

(வேண்டாம். எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் வெயிலில்தான் ஆரம்பிக்கிறார்கள். வெயிலுக்கே சலித்திருக்கும்.)

இரண்டாவது: என் அப்பா ராமசுப்புவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி உண்டு. மக்காச்சோளத்தில் இறங்கும் காட்டுப்பன்றிகளை வெடிச்சத்தத்தால் விரட்ட லைசன்ஸ் வாங்கியது. தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கிக்கொண்டு எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போதுதான் பள்ளியிலிருந்து போன்: "தங்கலட்சுமிய விரியன் கடிச்சிருச்சு. வெரசா வாங்க."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

இங்கே சட்டம் குறுக்கே வருகிறது. மூன்றே வரி, பொறுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியோடு பள்ளி வளாகத்துக்குள் போகக்கூடாது. திருவிழா, ஊர்வலத்துக்கும் கூடாது. லைசன்ஸ் இல்லாதவர் கையில் கொடுத்துவிட்டும் போகக்கூடாது.

ஆகவே கேட்டுக்கு வெளியே அப்பா, ஆட்டோவோடு. உள்ளே சத்துணவுக்கூடத்து நிழலில் நான். 108 காரியாபட்டிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. நடக்கக்கூடாது என்று டீச்சர் படுக்க வைத்திருந்தார். கால் வீங்கிக்கொண்டே போனது.

(இந்த இடத்தில் அப்பா என்ற பாத்திரத்தை எனக்குப் பிடிக்கவில்லை. மகளா, லைசன்ஸா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?)

4

நடந்தது இதுதான். சத்துணவு சமைக்கும் சந்தனம்மாள் அக்கா, கொதிக்கிற சாம்பாரை அப்படியே விட்டுவிட்டு வந்து என்னைத் தூக்கினார். அவர் என்னைவிட ஒல்லி.

"அண்ணே, நீங்க அங்கனயே நில்லுங்க. புள்ளைய நான் கொண்டாரேன்."

அப்பா வந்த ஆட்டோவில், அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரி வரை அவர் மடியில்தான் கிடந்தேன். "கண்ண மூடாத தாயி. ஏழாம் வாய்ப்பாடு சொல்லு" என்று வழியெல்லாம் அதட்டினார். ஏழெட்டில் தப்பாகச் சொன்னேன். அவருக்கும் அது தெரியவில்லை.

5

முடிவு அ: அப்பா துப்பாக்கியை வீசிவிட்டு உள்ளே ஓடி வருகிறார்.

இதை அப்பாவிடமே வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "இதுல சந்தனம்மா எங்க?"

தாளைத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன்.

"லைசன்ஸு போயிருமேன்னு பயந்தேன், இல்லைங்கல. ஆனா உள்ள அம்புட்டுப் பிள்ளைக அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது. குழலத் தூக்கிட்டு எப்படித்தா வர? கீழ போட்டுட்டு வந்தா எவன் கையில சிக்குமோ. நான் நின்ன எடத்துல நின்னேன், அவ வந்தா. அத அழிச்சுராத."

என்னுடைய அப்பாவைத்தான் அழித்தேன். சுவரேறிக் குதித்தவரை. நிஜத்தில் இருப்பவர்மேல் அன்றைக்குத்தான் கோபம் தீர்ந்தது.

முடிவு ஆ: நான் சேலை எடுத்துக்கொண்டு போகிறேன். சந்தனம்மாள் அக்கா கண் கலங்கி...

(அவர் அழுகிற ஆளே இல்லை. அடுப்பில் வேலை கிடக்கு என்று விரட்டிவிடுவார்.)

முடிவு இ:

6

மூன்றாவதை நிரப்ப ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். ஓடவில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அக்காவை வெளியே தள்ளிவிடாதீர்கள்.

என் கதை அன்றைக்கு மத்தியானத்துக்குள் முடிந்திருக்க வேண்டியது. முடியவிடாமல் தூக்கி வந்தவர் அவர். அக்கா, உங்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவள். அந்தக் கடனுக்கு நானே ஒரு முடிவு எழுத எனக்கு மனசில்லை.