இருமுறை நிறைத்த கூடு

2017ஆம் ஆண்டு அக்டோபர் 14, சனிக்கிழமை, காலை ஒன்பது பத்து. மேற்கிலிருந்து மெல்லிய காற்று வீசிக்கொண்டிருந்தது. இரவில் படிந்த உறைபனி, தகரக் கூரையின் நிழல் விழுந்த பக்கத்தில் மட்டும் கரையாமல் இருந்தது. அந்த நேரத்தில், எங்கள் துப்பாக்கிச் சங்கத்தின் சுடுகளத்தில் மூன்றாம் மேடையில் நின்ற டேல் குசேராவின் கையில், அவருடைய தந்தையின் ரிவால்வர் பிளந்தது.

வழக்கமான வெடியோசைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சுடுபவர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. எல்லா மேடைகளிலும் கைகள் ஒருசேரத் தாழ்ந்தன.

"யாராவது என் கட்டைவிரல் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்கப்பா," என்றார் டேல். "எனக்குப் பார்க்கத் தைரியமில்ல."

இருந்தது. விரலுக்கும் உள்ளங்கைக்கும் இடைப்பட்ட சதை கிழிந்திருந்தது; கன்னத்தில் ஒரு பித்தளைச் சில்லு பதிந்திருந்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண்கள் தப்பின. துவாலையைச் சுற்றிக் கட்டியவர் ஆரின் ட்வெட். அன்று களத்தின் காவல் பொறுப்பு அவருடையது. பதினான்கு ஆண்டுகளாகவே அது அவருடையதுதான். ஓய்வு பெறும்வரை மாநிலத்தின் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். கிழக்கு மொன்டானாவின் தானியக் கிடங்குகளில் எந்தத் தராசில் நின்றாலும் அதன்மீது அவருடைய முத்திரையைக் காணலாம். சங்கத்தில் எவருக்கேனும் ஓர் அளவில் ஐயம் எழுந்தால், "ஆரினைக் கேள்" என்பதே விடை.

வெடித்த தோட்டாவும் அவர் வீட்டில் தம் கையால் வெடிமருந்திட்டு நிறைத்ததுதான். அதை அப்போது இருவர் மட்டுமே அறிந்திருந்தனர்.

எங்கள் ஊரில் ஒருவர் இன்னொருவருக்குத் தம் லாரியைக் கொடுப்பார், துப்பாக்கியைக் கொடுப்பார், வேட்டையாடிய மானில் பாதியைக் கொடுப்பார். தம் கையால் மருந்திட்ட தோட்டாவை மட்டும் கொடுக்கமாட்டார். கொடுத்தாலும் மற்றவர் வாங்கமாட்டார். இது எங்கும் எழுதப்பட்ட விதி அன்று. எழுத வேண்டிய தேவை நேர்ந்ததில்லை.

சங்கத் தலைவி லோர்னா பிஷ்கி ஓடிவந்தார். வார நாள்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். எந்தக் கூச்சலையும் ஒரு சொல்லில் அடக்கக்கூடிய குரல் அவருடையது.

"டேல், யார் நிறைச்ச தோட்டா அது?"

டேல் ஆரினைப் பார்த்தார். ஆரின் துவாலையைப் பார்த்தார்.

"நான்தான். வேற யாரு?" என்றார் டேல். "தோட்டாவுல ஒண்ணுமில்ல. துப்பாக்கிதான் பழசு. அதோட இரும்புச் சட்டத்துல ஒரு கீறல் இருந்துச்சு, போன வருஷமே பார்த்தேன். தாங்கும்னு நினைச்சேன்."

"பார்த்துட்டுமா கொண்டுவந்த?"

"எங்கப்பா இதைவிட மோசமான நிலையில இருபது வருஷம் ஓட்டினாரு, லோர்னா."

சிலர் சிரித்தனர். ஆரின் மேசைமீதிருந்த தோட்டாப் பெட்டியை மூடி, தம் பைக்குள் வைத்துக்கொண்டார். களக் காவலர் அவ்வாறு செய்வதுதான் முறை. எவரும் அதைக் கவனிக்கவில்லை.

நடந்தது இதுதான். ஆரின் வழக்கமாகப் பயன்படுத்திய மருந்து நெடுநாளாகக் கடைக்கு வரவில்லை. அது சருகுபோல் உப்பிய மருந்து. ஓர் அளவு இட்டாலே தோட்டாவின் பித்தளைக் கூடு முக்காலும் நிரம்பிவிடும். தவறி இரண்டாம் முறை இட்டால் வாயைத் தாண்டி வழிந்து, கூடுகளை நிறுத்தும் பலகையெங்கும் சிதறும். ஆகவே பிழை தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். புதிதாக வந்த மருந்தோ கடுகினும் சிறிய, கனத்த மணிகள். ஓர் அளவு கூட்டின் அடியில் ஒடுங்கிக் கிடக்கும். இரண்டு அளவு இட்டாலும் வாய்க்குக் கீழேயே அடங்கிவிடும்.

ஆரின் இதை அறியாதவர் அல்லர். புதிய மருந்தைச் சோதிக்கையில் கையேட்டில் கண்ட மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு படியிலும் வேகமானியின் முன் சுட்டு, வெற்றுக் கூட்டை உருப்பெருக்கியில் பார்த்தார். மருந்து சுத்தமாக எரிந்தது, புகை இல்லை, வேகம் ஒன்றுக்கொன்று பிசகவில்லை. தாம் கண்ட சிறப்பை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும் என்ற ஆசை அப்போது அவருக்குள் எழுந்தது. டேலின் ரிவால்வருக்கென்று ஒரு பெட்டி நிறைக்க முடிவு செய்தார்.

குழிப்பலகையில் கூடுகளை நிறுத்தி, மருந்தளக்கும் கருவியின் நெம்புகோலை இழுத்து ஒவ்வொன்றாக நிறைத்துக்கொண்டு வந்தவர், ஒரு வரிசையின் நடுவில் நிறுத்திவிட்டு, தொலைபேசியை எடுத்தார். யாரும் அவரை அழைக்கவில்லை. அவர்தாம் டேலை அழைத்தார்.

"இப்பதான் உனக்குப் பாதிப் பலகை நிறைச்சேன்டா," என்றார். "இதைச் சுட்டுப் பாரு, அப்புறம் கடைத் தோட்டா பக்கமே போகமாட்ட."

"உன் தோட்டாவ நான் சுடறதா? எங்கம்மா என்ன சொல்லி வளர்த்தாங்க தெரியுமா?"

"உங்கம்மாவுக்கு என்னைத் தெரியாது."

"அதுவும் சரிதான். மாநிலத்துக்கே படிக்கல் வச்சவன். கொண்டா, கொண்டா."

நிறைக்கும்போது இடையில் நிறுத்தினால், அந்த வரிசை முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். சங்கத்தின் புதியவர்களுக்கு ஆரின் சொல்லித்தரும் முதற்பாடம் அது. அன்று மனம் நிறைந்திருந்ததால் அவர் எதையும் கொட்டவில்லை. விட்ட இடம் என்று தோன்றிய கூட்டிலிருந்து தொடர்ந்தார். பின்னர் விளக்கைப் பிடித்துப் பலகை முழுவதையும் பார்த்தார். வழிந்த கூடு எதுவும் இல்லை. அவருடைய கண் முப்பது ஆண்டுகளாகத் தேடப் பழகியது வழிவதை மட்டுமே, மருந்தின் உயரத்தை அன்று. ஈயக்குண்டுகளை அழுத்தி மூடினார்.

விபத்து நடந்த அன்று மாலையே, பெட்டியில் எஞ்சியிருந்த தோட்டாக்களைத் தம் பட்டறையில் ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவற்றுள் ஒன்றில் இரண்டு அளவு மருந்து இருந்தது. தராசு ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. ஆக, அவர் இரண்டு கூடுகளை இருமுறை நிறைத்திருந்தார். ஒன்று டேலின் கையில் வெடித்தது, மற்றது இதோ தட்டில். அவர் அந்த மருந்தைப் பின்புறப் புல்தரையில் கொட்டினார். வேண்டாத மருந்தைப் புல்லுக்கு இடுவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அது நல்ல உரம். ஆகவே அவர் மனைவி சன்னலிலிருந்து பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

பழுதென்று அறிந்தே ஒரு துப்பாக்கியைக் களத்துக்குக் கொண்டுவருபவரை ஓராண்டு விலக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. விலக்கப்பட்டவர் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் எடுக்கக்கூடாது. ஒவ்வோர் ஏப்ரலிலும் அந்த வகுப்பை எடுப்பவர் டேல். வரும் ஏப்ரலில் அவருடைய பேத்தி ஜோலீனுக்குப் பத்து வயது நிறைகிறது. வகுப்பில் சேரும் வயது அது. அவள் பிறந்த நாள்தொட்டே டேல் அந்த ஏப்ரலைப் பற்றிப் பேசிவந்தார் என்பது ஊரறிந்த செய்தி.

டேலிடம் எழுத்து வாக்குமூலம் கேட்கப்பட்டது. தோட்டா தம்முடையது, துப்பாக்கி பழுது என்று இடக்கையால் எழுதிக் கையொப்பமிட்டார். அதைச் சங்கச் செயலாளரும் விசாரணைக் குழு உறுப்பினருமான ஆரின்தான் வாங்கிக் கோப்பில் சேர்த்தார். வாங்கும்போது, "கை எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

குழு கூடுவதற்கு முந்தைய நாள், ஆரின் டேல் வேலைசெய்யும் தானியக் கிடங்குக்குச் சென்றார். எடைமேடையை ஒட்டிய சிறிய அறையில் டேல் தனியாக இருந்தார்.

"டேல், ஒண்ணு சொல்லணும்."

"காப்பி இருக்கு. காலையில போட்டது, தாருக்குப் பதிலா ரோட்டுல ஊத்தலாம். குடிக்கிறியா?"

"அந்தத் தோட்டா..."

"ரெண்டு தடவ போட்டுட்ட."

ஆரின் அமர்ந்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"வெடிச்ச அந்த நிமிஷமே. பாதிப் பலகையில நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணினவன் நீதானடா. நானே உன்னைக் கிண்டல் பண்ணிட்டு இருந்தேன். துப்பாக்கியில கீறலாவது மண்ணாவது. எங்கப்பா அதைக் குழந்தையாட்டம் வச்சிருந்தாரு."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

டேல் கட்டுப்போட்ட கையை மேசைமீது வைத்தார். "அத்தனை பேர் நிக்கறாங்க. உன் மூஞ்சியப் பார்த்தேன், சுண்ணாம்பாட்டம் இருந்துச்சு. சரி, ஒரு மூச்சு விட இடம் கொடுப்போம்னு வாயில வந்ததைச் சொன்னேன். நீ உடனே 'இல்ல, என்னோடது'ன்னு சொல்லுவன்னு நினைச்சேன்."

வெளியே ஒரு லாரி எடைமேடையில் ஏறியது.

"நீ சொல்லல," என்றார் டேல். "மறுநாள் சொல்லுவன்னு பார்த்தேன். அப்புறம் அந்தத் தாள நீயே வந்து வாங்கிட்டுப் போன. அப்புறம் எதுக்குக் காத்திருக்கறதுன்னு விட்டுட்டேன்."

"நாளைக்குச் சொல்லிடறேன்."

"சொல்லு, சொல்லாமப் போ. எனக்குத் துப்பாக்கி வெடிச்சது வலிக்கல ஆரின். நீ 'கை எப்படி இருக்கு'ன்னு கேட்ட பாரு, அதுதான்."

மறுநாள் மாலை குழு கூடியது. ஆரின் எழுந்து நின்று, தாம் செய்ததை வரிசை மாறாமல் சொன்னார்: தொலைபேசி, பலகை, விளக்கு, பெட்டி. ஒரு சொல்லும் மிகையில்லை; தம்மைப் பழிக்கும் அடைமொழிகளையும் அவர் பயன்படுத்தவில்லை. லோர்னாவுக்கும் ஆரினுக்கும் அடுத்து, குழுவின் மூன்றாம் உறுப்பினனாக நான் எதிரில் இருந்தேன். அவர் குரல் ஆய்வறிக்கை வாசிப்பதுபோல் இருந்தது. காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

"ரெண்டாவது தோட்டா எங்க?" என்றார் லோர்னா.

"பிரிச்சு, மருந்தைப் புல்தரையில கொட்டிட்டேன்."

"உரத்துக்கா?"

ஆரின் நாற்காலியில் அமர்ந்தார்.

லோர்னாவும் நானும் அடுத்த அறைக்குச் சென்று முடிவெடுத்தோம். திரும்பியதும் லோர்னா அதை வாசித்தார். ஆரின் காவல், செயலாளர் பொறுப்புகளிலிருந்து நீக்கப்படுகிறார். ஈராண்டுகள் களத்தில் அடிவைக்கக்கூடாது. அதை அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்; இன்னும் கூடுதலாக எதிர்பார்த்து வந்தவர்போலத் தோன்றினார். அடுத்த பத்தியை வாசித்தபோதுதான் நிமிர்ந்தார். பொய்யான எழுத்து வாக்குமூலம் அளித்ததற்காக டேல் குசேரா மே மாத இறுதிவரை விலக்கப்படுகிறார்.

"லோர்னா, அவனைச் சேர்க்காதீங்க. எனக்காகச் சொன்னது அது. எனக்கு அஞ்சு வருஷம் போடுங்க."

"இது தராசு இல்ல ஆரின், இந்தப் பக்கம் ஏத்தி அந்தப் பக்கம் இறக்கறதுக்கு." லோர்னா தாளை மேசையில் வைத்தார். "அன்னைக்கே நீங்க வாயத் திறந்திருந்தா, அவர் சொன்னது வாயோட போயிருக்கும். வலியில உளறினார்னு நாங்களும் விட்டிருப்போம். நீங்க பேசாம இருந்தீங்க, அவர் எழுதிக் கொடுத்தார். அதைக் கோப்புல வச்சது யாரு?"

"நான்."

"வேட்டை வகுப்புக்கு வாத்தியாரா ஒரு ஆளை அனுப்பறேன்னா, அவர் கையெழுத்துப் போட்ட தாள்ல பொய் இருக்கக்கூடாது. எனக்கும் அந்தக் குட்டியத் தெரியும், தினமும் என் பஸ்லதான் வர்றா." அவர் கையொப்பமிட்டார், நானும் இட்டேன். லோர்னா டேலுக்கான நகலை மடித்து உறையிலிட்டு நீட்டினார். "செயலாளரா உங்களுக்கு இது கடைசி வேலை. தபால்ல போட வேண்டாம்."

காலையில் கிடங்கில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. டேல் எடைமேடையின் அருகே நின்று ஓட்டுநர் ஒருவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆரினைக் கண்டதும் சிரிப்பு குறைந்தது, முற்றிலும் மறையவில்லை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சரி. எவ்வளவு போட்டாங்க?"

"எனக்கு ரெண்டு வருஷம்."

டேல் மெல்லச் சீட்டியடித்தார். "நீ இல்லாத களமா! அப்ப அந்த உறை யாருக்கு?"

"உனக்கு. மே கடைசி வரைக்கும். அந்தத் தாளுக்காக."

டேல் லாரிகளைப் பார்த்தார். காற்றில் கோதுமைத் தூசு பறந்துகொண்டிருந்தது.

"வகுப்பு ஏப்ரல்ல," என்றார்.

"தெரியும்."

"ஜோலீன்கிட்ட என்ன சொல்ல?"

வரிசையில் பின்னால் நின்ற லாரி ஒலியெழுப்பியது. டேல் இடக்கையின் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். வலக்கையில் இன்னும் கட்டு இருந்தது. இடக்கையை நீட்டினார். ஆரின் உறையை அதில் வைத்தார்.