வரிசையில் வைத்த கல்

பத்து மணிக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதன்மேல் மூன்று திரைகளை வரிசையாக வைத்தார். இடது ஓரம் அவருடைய போன், நடுவில் மனைவியின் போன், வலது ஓரம் மகளின் மடிக்கணினி. மூன்றிலும் ஒரே டிக்கெட் பக்கம், ஒரே உறுப்பினர் எண். அரைநாள் லீவு போட்டிருந்தார். எங்கோ ஒரு கட்டடத்தில் ஆட்கள் ஏழு மாடி ஏறிக்கொண்டிருப்பார்கள். ஏறட்டும், உடம்புக்கு நல்லது.

"பொண்ணு காலேஜ் அட்மிஷனுக்குக் கூட இந்த வேகம் இல்ல," என்றாள் மனைவி.

"அப்ப வீட்டுல ஒரு போன்தான் இருந்துச்சு."

பள்ளி நாளிலிருந்து அவர் கேட்டுவரும் அந்த நால்வர் இசைக்குழுவுக்கு இது கடைசிச் சுற்றுப்பயணம். நால்வரில் இருவர்தான் பழைய ஆட்கள். பாடகருக்குத் தலையில் முடி இல்லை, டிரம்ஸ்காரருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. ரசிகர் மன்றத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உறுப்பினராக இருப்பவர்களுக்கு மட்டும் பழைய விலையில் இரண்டு டிக்கெட். மற்றவர்களுக்கு என்ன விலை என்பதை அவருடன் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்தான் பார்த்துச் சொன்னார். "முதல்ல அது போன் நம்பர்னு நினைச்சேன்ணே."

மூன்று திரை வைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் டிக்கெட் கொடுப்பது மைதானத்தின் பின்பக்கம், ஒரு தலை மட்டும் நுழையும் ஜன்னலில். விடியும் முன்பே வரிசை ஆரம்பித்துவிடும். அவரும் தம்பியும் போவார்கள். ஒருவன் டீ குடிக்கப் போனால் அவன் இடத்தில் ஒரு கல், அல்லது ஒற்றைச் செருப்பு. கல்லைத் தள்ளிவிட்டு யாரும் முன்னால் வரமாட்டார்கள். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவனே கல்லையும் காலால் நகர்த்தி வைப்பான். மூன்று கல் வைத்தால் ஒன்றாவது ஜன்னலுக்குப் போய்ச் சேராதா?

பத்தடித்தது. மூன்று திரைகளிலும் வரிசையில் எத்தனையாவது ஆள் என்று எண்கள் வந்தன. மடிக்கணினியில் பதினெட்டாயிரத்துச் சொச்சம். மற்ற இரண்டும் அதற்கு வெகு பின்னால். மனைவி தன் அலுவலகத்துக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இசை அவளுக்குப் பிடிக்காது. ஆனால் இரண்டாவது டிக்கெட் யாருக்கென்று அவளுக்குத் தெரியும்.

தம்பி நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். பேச்சு நின்று பதினோரு வருடம். அம்மா படுக்கையில் விழுந்தபோது, முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர் இவர். வண்டியில் கூடவே வைத்துக்கொண்டாவது பார்த்துக்கொள்கிறேன் என்று குதித்தவன் அவன். மூன்றாவது வாரம் அம்மா போய்விட்டாள். மயான வாசலில் தம்பி சொன்னான்: "கொண்டு போய் விட்டது நீ. கொண்டு போய் எரிச்சதும் நீ. எனக்கு இங்க என்ன வேலை?" அதன்பிறகு அவன் நம்பர் மாறிவிட்டது. வீடும் மாறிவிட்டது.

மிச்சமிருந்தது இந்தக் குழு மட்டும்தான். சண்டைக்குப் பிறகு குழுவினர் இரண்டு முறை இந்த ஊருக்கு வந்தார்கள். முதல் முறை, வழக்கமாக நிற்கும் இடதுபக்க ஸ்பீக்கர் கோபுரத்தின் கீழ் தம்பி நான்கு ஆள் தள்ளி நின்றான். இரண்டாம் முறை பக்கத்திலேயே நின்றான். பேசவில்லை. பாதியில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கவாட்டில் நீட்டினான். இவர் வாங்கிக் குடித்தார். அவ்வளவுதான். இந்த முறை ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும் என்று ஐந்து வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. உறுப்பினர் அட்டை இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். பள்ளிக்கூட வயதில் சேர்ந்தது. பெரியவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். "வெண்கலக் கடையில யானை புகுந்த மாதிரி ஒரு சத்தம். இதுக்கு மெம்பர் வேறயா?" என்று திட்டிக்கொண்டே அம்மாதான் தன் பெயரைக் கொடுத்தாள். பிற்பாடு எல்லாம் இணையத்துக்கு மாறியபோது, சகோதரர்கள் இருவரும் அதற்காக ஒரு மின்னஞ்சல் பெட்டி திறந்தார்கள். கடவுச்சொல் இருவருக்கும் தெரியும். சண்டைக்குப் பிறகும் யாரும் அதை மாற்றவில்லை.

படிக்காத கடிதம் தடித்த எழுத்தில் இருக்கும். படித்துவிட்டால் மெலிந்துவிடும். குழுவிடமிருந்து எது வந்தாலும் இவர் உடனே திறக்கமாட்டார். இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார். எழுத்து மெலிந்திருக்கும். எந்த ஊர்ச் சாலையோரமோ, வண்டியை ஓரங்கட்டி அவன் படித்திருக்கிறான். சரி, உயிரோடு இருக்கிறான். பதினோரு வருடமாகத் தம்பியைப் பற்றி அவருக்குக் கிடைத்த செய்தி இவ்வளவுதான்.

டிக்கெட் பற்றிய கடிதமும் இவர் பார்க்கும்போதே மெலிந்துதான் இருந்தது. பத்து மணிக்கு அவன் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருப்பான், நாமே இரண்டையும் வாங்கிவிடலாம், டிக்கெட் அந்தப் பெட்டிக்குத்தானே வரும், பார்த்துக்கொள்வான் என்று கணக்குப் போட்டிருந்தார்.

பதினொன்று இருபதுக்கு மடிக்கணினியில் எண் நூறுக்குக் கீழே வந்தது. பிறகு நாற்பது. பிறகு ஒன்பது. மனைவி கையிலிருந்த டம்ளரை ஓசைப்படாமல் வைத்தாள். திரை வெளுத்தது. ஒரு அறிவிப்பு தோன்றியது. அதே அறிவிப்பு மற்ற இரண்டு திரைகளிலும் வந்தது.

மனைவிதான் வாசித்தாள். "இந்த உறுப்பினர் எண் ஒரே நேரத்தில் நான்கு இடங்களில் பயன்படுத்தப்படுகிறது. பாதுகாப்புக்காக முடக்கப்பட்டுள்ளது."

அவள் மூன்று திரைகளையும் விரலால் எண்ணினாள்.

"நாம மூணுதானே வச்சோம்?" என்றாள்.

 ஒரு லாரி சாலையோரம் நிற்பதும், ஸ்டியரிங்மேல் சாய்த்து வைத்த போனில் இதே அறிவிப்பு தோன்றுவதும், அவருக்கு அந்த மேசைக்கு மேலேயே தெரிந்தது. அவனும் இரண்டு டிக்கெட்டுக்குத்தான் நின்றிருப்பான்.

உதவி எண்ணில் இருபது நிமிடம் காத்திருந்தபின் ஒரு பெண் பேசினாள்.

"உறுப்பினர் ஒரு லேடி சார். அவங்கதான் லைன்ல வரணும்."

"அவங்க எங்க அம்மா."

"போனை அவங்க கிட்ட குடுங்க சார். ரெண்டே கேள்விதான்."

"அவங்க இல்லம்மா."

"எப்ப வருவாங்க சார்?"

அவர் போனை மனைவி பக்கம் நீட்டினார். மனைவி போனை வாங்கி, "அவங்க இறந்து பதினோரு வருஷம் ஆச்சு," என்றாள். மறுமுனையில் எதையோ தட்டும் ஓசை. "சாரி மேடம். இறப்புச் சான்றிதழோட எழுதிக் கேளுங்க. பதினஞ்சு வேலை நாள்ல முடிவு சொல்வோம்." பழைய விலை டிக்கெட்டுகள் அதற்குள் தீர்ந்திருந்தன.

பொது விற்பனைப் பக்கத்தைத் திறந்தார். கடைசி வரிசை, ஒரு ஆளுக்கு, அவருடைய ஒரு மாதச் சம்பளம். மனைவியிடம் காட்டத் திருப்புவதற்குள் அது ஒன்றேகால் மாதச் சம்பளமாகியிருந்தது.

"வாங்கிடுங்க. எப்படியாவது பாத்துக்கலாம்."

"நான் மட்டும் போய் யாரைப் பாக்கறது?"

அவள் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று, "ஒரு கடுதாசி போடுங்களேன் அவருக்கு," என்றாள்.

"லாரிக்காரனுக்கு ஏது விலாசம்?"

"அந்த மெயில் பெட்டி இருக்கே."

பதினோரு வருடத்தில் இது அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியும் தள்ளி வைத்திருக்கலாம். இரண்டு வரி எழுத ஒன்பது நாள் ஆயிற்று. எழுதி, அந்தப் பெட்டிக்கே அனுப்பினார். *இடது பக்கச் சுவருக்கு வெளியே நிற்பேன். மூணு கல் வச்சது நான்தான்.* கடிதம் தடித்த எழுத்தில் வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் பார்த்தார். தொடக்கூடாது. தொட்டால் மெலிந்துவிடும். ஒரு வாரம், இரண்டு வாரம் கடந்தும் தடித்தே இருந்தது. இதற்கு முன் எந்தக் கடிதமும் இத்தனை நாள் அப்படி இருந்ததில்லை.

நிகழ்ச்சி நாளன்று மாலை, வயிற்றில் இறுக்கும் பழைய கறுப்புச் சட்டையோடு அவர் மைதானத்தின் இடது சுவரோரம் போய் நின்றார். குப்பைத் தொட்டிகள், வண்டி நிறுத்துமிடம், அவரைப் போலவே டிக்கெட் இல்லாத இருபது முப்பது பேர். எல்லோருக்கும் நரை.  ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்தார். இல்லை.

உள்ளே கூட்டம் கத்தியது. முதல் பாட்டு தொடங்கியது. குரல் சுவரைத் தாண்டி வரவில்லை; டிரம்ஸ் மட்டும் செங்கல் வழியாக முதுகுக்கு வந்தது. போனை எடுத்துப் பார்த்தார். தடித்த எழுத்து. கையிலேயே வைத்துக்கொண்டார்.

மூன்றாவது பாட்டில் மறுபடி பார்த்தபோது எழுத்து மெலிந்திருந்தது.

அவர் கட்டை விரலைப் பார்த்தார். தானே தொட்டுவிட்டாரா? சுவரின் அதிர்வில் பட்டிருக்குமா? தெரியவில்லை. வண்டி நிறுத்துமிடத்தின் பக்கம் ஏதோ ஒரு கனத்த கதவு அறைந்து மூடும் ஓசை கேட்டது. லாரிக் கதவாகவும் இருக்கலாம், இசைக்குழுவின் சாமான் வண்டியாகவும் இருக்கலாம்.

அவர் திரும்பவில்லை. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து ஒரு வாய் குடித்தார். பிறகு, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், கையைப் பக்கவாட்டில் நீட்டினார். ஒவ்வொரு டிரம்ஸ் அடிக்கும் பாட்டிலுக்குள் தண்ணீர் சின்ன வட்டமாக நடுங்கியது. தோள் வலிக்கத் தொடங்கியது. கையை அவர் இறக்கவில்லை.