ஓடிப் பார்த்தால்தான் தெரியும்

நாலாவது சனிக்கிழமையும் மேரி ரோஸ் ரீச்சர் குடையை மடக்காமலே அந்த நீல நிறக் காரைச் சுற்றி வந்தார். முன்பக்கம் வந்ததும் நின்று, தலையைச் சரித்துப் பார்த்தார்.

"இதின்ர கண் எனக்குப் பிடிக்கேல்லை. ரெண்டு லைற்றும் பின்னுக்கு இழுபட்டுக் கிடக்கு. ஆரோடயோ கோவம் மாதிரி."

காரின் மறுபக்கம் நின்ற அவருடைய கணவர் பஸ்தியாம்பிள்ளை உடனே சொன்னார். "போன கிழமை நீர்தானே சொன்னீர், கோவமான முகம்தான் றோட்டில மரியாதை எண்டு?"

"அது போன கிழமை."

கையில் துணியோடு நின்ற சாஹுல் ஹமீட் வானத்தைப் பார்த்தான். சோளகக் காற்று விடியற்காலையிலிருந்தே மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. சுபஹு தொழுதுவிட்டு வந்து இரண்டு கார்களையும் கழுவித் துடைத்திருந்தான். இப்போது இரண்டின் மேலும் மா சலித்துவிட்டதுபோல மணல். போதாக்குறைக்கு ஒரு கழுதை வெள்ளைக் காரின் பின்கதவில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. அதை விரட்டிவிட்டுத் திரும்பினால், இருவரும் இப்போது ரயரையும் சில்லையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாஹுல் ஹமீடுக்குச் சொந்தமாக ஒரு காரும் இல்லை. மன்னார் பட்டினத்தில் ஆர் கார் விற்கிறார், ஆருக்குக் கார் தேவை என்பதை அறிந்து இரண்டு பேரையும் சேர்த்துவைப்பதுதான் அவன் தொழில். நீலம் ஃபோர்ட் ஃபியஸ்டா. மாற்றலாகிக் கொழும்புக்குப் போகும் டொக்ரர் ஒருவருடையது. வெள்ளை வொக்ஸ்வாகன் போலோ. வெளிநாட்டில் மகளோடு போய் இருக்கப்போகும் ஒரு இஞ்சினியருடையது. இரண்டும் பின்பக்கம் வெட்டிவிட்டதுபோன்ற சின்னக் கார்கள், ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எந்த மனிதனும் ஒரு மணித்தியாலத்தில் இரண்டிலொன்றைத் தெரிவுசெய்துவிடலாம். இவர்கள் ஒரு மாதமாகத் தெரிவுசெய்துகொண்டிருந்தார்கள்.

பஸ்தியாம்பிள்ளை மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் தலைமை லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். பள்ளிமுனையில் வீடு. தேவாலயப் பங்குச் சபையில் அவர் சொல்வதற்கு மறுபேச்சுக் கிடையாது என்பார்கள். மேரி ரோஸ் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். முழங்காலில் ஒப்பரேஷன் செய்தபிறகு அவரால் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார முடியவில்லை. அதற்குத்தான் கார்.

முதல் சனிக்கிழமை அவர்களுக்கு அவன் காட்டியது ஒரு ஜப்பான் கார்.

"சேர், கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கோ. ஒரு ஆணி கழண்டாலும் மன்னாருக்குள்ளயே சாமான் கிடைக்கும்."

பஸ்தியாம்பிள்ளைக்கும் அது பிடித்துவிட்டது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். அதுவரை வேப்பமர நிழலில் தூர நின்ற மேரி ரோஸ், "இதென்ன, தவளை குந்திக்கொண்டிருக்கிற மாதிரி" என்றார்.

பஸ்தியாம்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பி மனைவியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ரீச்சர் குறுக்கே பேசியது அவருக்குக் கோபம் என்றுதான் சாஹுல் ஹமீட் அப்போது நினைத்தான். ஆனால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓம், இது சரிவராது. வேற வடிவான கார் இருக்கோ தம்பி?" என்றார்.

அன்று பிடித்தது சனியன்.

போலோவைப் பார்த்ததும் பஸ்தியாம்பிள்ளை, "ஐரோப்பாக்காரன் அடிமட்டம் வைச்சுத்தான் கோடு கீறுவான். பாரும், ஒரு இடத்தில பிசகில்லை" என்றார். கச்சேரிக் கந்தோர் அலுமாரி மாதிரி இருக்கிறது என்றார் மேரி ரோஸ். ஃபியஸ்டாவுக்கு அமெரிக்காக்காரனின் துடுக்கு இருக்கிறதாம், ஓடாமல் நிற்கும்போதும் ஓடுகிற மாதிரி இருக்கிறதாம். அடுத்த கிழமை பஸ்தியாம்பிள்ளை ஃபியஸ்டாவுக்கு மாறினார். ரீச்சர் போலோவுக்கு மாறினார். வயது போனவர்களுக்கு அடக்கமான கார்தான் அழகு, கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஒன்றாகப் போகலாம் என்றார். மூன்றாம் கிழமை சாஹுல் ஹமீடுக்குப் பொறுமை அறுந்து, ஃபியஸ்டாவின் பதிவுப் புத்தகத்தை விரித்தே காட்டிவிட்டான்.

"சேர், ரீச்சர், இஞ்ச பாருங்கோ. பேர்தான் அமெரிக்கன். இந்தக் கார் செய்ததும் ஜேர்மனியிலதான். ரெண்டும் ஐரோப்பாதான். இனி என்ன பிரச்சினை?"

பஸ்தியாம்பிள்ளை கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். புத்தகத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பிறந்த இடம் வேற, வளர்ப்பு வேற தம்பி. வளர்க்கிறவன்ர குணம்தான் வரும்."

"அதை நீங்கள் சொல்லுறியள்," என்றார் மேரி ரோஸ். அன்று அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

ஓடிப் பார்ப்பது இன்னொரு கரைச்சல். பஸ்தியாம்பிள்ளையிடம் லைசன்ஸ் இருந்தது. ஆனால் பக்கத்தில் இருந்து கேட்டால்தான் எஞ்சின் சத்தம் விளங்கும் என்று சாஹுல் ஹமீடையே ஓட்டச் சொல்லுவார். ரீச்சர் பின்னால் ஏறுவார். முதல் தடவை பாலம் கடந்து தள்ளாடிச் சந்தி வரைக்கும் போனார்கள். "இன்னும் கொஞ்சம் ஓடிப் பார்த்தால்தான் தெரியும்" என்றார் ரீச்சர். அடுத்த தடவை உயிலங்குளம். அதற்கடுத்தது முருங்கன். டொக்ரர் பெற்றோல் முள்ளைப் பார்த்துவிட்டு, காரை விற்கிறாயா வாடகைக்கு விடுகிறாயா என்று கேட்டார்.

இதற்கிடையில் பாப்பாமோட்டையிலிருந்து றெனால்ட் என்றொருவன் வந்தான். அறுவடை மெசின் வைத்திருப்பவன். ஃபியஸ்டாவை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான், ரயரில் காலால் ஒரு தட்டு, "எனக்குத்தான்" என்றான். இவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால் சாஹுல் ஹமீட் அவனை மறித்து வைத்திருந்தான். டொக்ரர் திங்கட்கிழமை போகிறார். விற்காவிட்டால் காரையும் கொண்டே போய்விடுவார். றெனால்டும் போய், டொக்ரரும் போய், கையில் ஒன்றும் இல்லாமல் மணல் துடைத்த துணியோடு நிற்கவேண்டியதுதான்.

வியாழக்கிழமை பின்னேரம் அவனுடைய மனைவி நசீறா, தைத்த சட்டைகளைக் கொடுக்கப் பள்ளிமுனைக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"உங்கட கார்க்காரர் வீட்டில நடக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன, அங்கயும் ஒரு கார் பாத்திட்டினமோ?"

"பகிடி விடாதீங்க. ரெண்டு வருசமா அந்த ரீச்சர் புருசனோட ஒரு சொல் கதைக்கிறேல்லயாம். பக்கத்து வீட்டு அன்ரோனெற் அக்கா சொன்னா. சீனி முடிஞ்சா கலண்டர்த் தாளில எழுதி மேசையில வைக்கிறாவாம். மனுசன் வாங்கிக்கொண்டுவந்து அதே இடத்தில வைக்கிறாராம்."

சாஹுல் ஹமீடுக்குச் சிரிப்பு வந்தது. "ஆரு? மேரி ரோஸ் ரீச்சரா? என்ர முற்றத்தில வந்து கிளி மாதிரிக் கதைக்கிறாவே!"

நசீறா சிரிக்காமல் மிச்சக் கதையையும் சொன்னாள். ரீச்சருடைய ஒரே மகன் எமில் கொழும்புப் பக்கம் வத்தளையில் வேலை செய்கிறான். அங்கே ஒரு பெண்ணை விரும்பினான். அவளுக்கு முதல் கல்யாணத்துப் பிள்ளை ஒன்று இருந்தது. பதிவுத் திருமணம் என்றதும் பஸ்தியாம்பிள்ளை போகவில்லை. புறப்பட்டு நின்ற மேரி ரோஸின் பயணப் பையை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அன்றைக்கு நின்ற பேச்சு. இப்போது அங்கே ஒரு பெண் குழந்தையும் பிறந்து ஆறு மாதம்.

அன்றிரவு சாஹுல் ஹமீட் ஒரு முடிவுக்கு வந்தான். அது அவர்கள் வீட்டுப் பிரச்சினை. அவனுடைய பிரச்சினை கார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நேரே பள்ளிமுனைக்குப் போனான். பஸ்தியாம்பிள்ளை கடைவாசலில் பேப்பரோடு நின்றார்.

"சேர், முடிவாச் சொல்லுங்கோ. ஃபியஸ்டாவா, போலோவா? றெனால்டுக்கு நான் நாளைக்குப் பதில் சொல்ல வேணும்."

"நாளைக்கு ஒருக்கா ஓடிப் பாப்பமே."

"இன்னும் என்ன சேர் பாக்க இருக்கு? அந்த ரெண்டு காரிலயும் எத்தினை ஆணி இருக்கெண்டு என்னைவிட உங்களுக்குத் தெரியும்."

பஸ்தியாம்பிள்ளை பேப்பரை மடித்தார். மடித்ததை இன்னொரு தடவை மடித்தார். கடைக்காரன் உள்ளே போகும்வரை பொறுத்திருந்தார்.

"வாங்கிப்போட்டா, பிறகு என்னத்தைக் கதைக்கிறது தம்பி?"

சாஹுல் ஹமீடுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது இரக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. ஒரு மாதம். ஒரு மாதமாக டொக்ரரிடம் பேச்சு வாங்கி, றெனால்டிடம் பொய் சொல்லி, காற்றோடு மல்லுக்கட்டிக் கார் துடைத்து...

"சேர், அதுக்கு நான் கார் காட்டேலாது. நீங்கள் ஃபாதரிட்டத்தான் போக வேணும்," என்று சொல்லிவிட்டான். சொன்னபிறகு அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் சைக்கிளைத் திருப்பினான். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். அவர் அங்கேயேதான் நின்றார். உள்ளங்கை அளவுக்கு மடித்துவிட்ட பேப்பரைப் பொக்கற்றுக்குள் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகையால்தான் இந்தச் சனிக்கிழமை, கழுதையை விரட்டிவிட்டுத் திரும்பியவன் மறுப்புச் சொல்லாமல் ஃபியஸ்டாவின் கதவைத் திறந்துவிட்டான். கடைசி ஓட்டம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

பாலத்தில் காற்றுக் காரைப் பக்கவாட்டில் தள்ளியது. பஸ்தியாம்பிள்ளை காற்றைப் பற்றி ஒரு சொல் சொன்னார். இது நிலத்தோடு பதிந்த கார், பிடித்துக்கொண்டு போகிறது என்றார். போலோ இன்னும் பாரம், அது அசையாது என்றார் பின்னாலிருந்து மேரி ரோஸ். உயிலங்குளம் போயிற்று. முருங்கனில் சாஹுல் ஹமீட் வேகத்தைக் குறைத்தான்.

"இன்னும் கொஞ்சம் ஓடுங்கோ தம்பி."

முருங்கனைத் தாண்டினான். இரண்டு பக்கமும் காய்ந்த வயல். மடு றோட் சந்தி வந்ததும் கேளாமலே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

"ரீச்சர், நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. இந்தக் காரை றெனால்ட் கேட்டுக்கொண்டு நிக்கிறான். போலோவுக்கும் ஆள் இருக்கு. நாலு கிழமையா லைற், சில்லு, கோடு, முகம் எல்லாம் பாத்திட்டியள். இன்னும் எவ்வளவு தூரம் ஓடினா உங்களுக்குத் தெரியும்?"

"வத்தளைக்கு," என்றார் மேரி ரோஸ்.

ஒரு பஸ் இரைந்துகொண்டு கடந்து போனது. கார் குலுங்கி அடங்கியது. சாஹுல் ஹமீட் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பஸ்தியாம்பிள்ளையும் அசையவில்லை. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த செத்த பூச்சி ஒன்றைப் பார்த்தபடி இருந்தார்.

"ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாப் போறம்," என்றார் மேரி ரோஸ். சத்தம் உயரவில்லை. வகுப்பில் ஒரு கணக்கைத் திரும்பச் செய்துகாட்டுகிற குரல். "தள்ளாடி. உயிலங்குளம். முருங்கன். இண்டைக்கு மடு. இப்பிடியே போனா அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போற வயதில நான் போய்ச் சேருவன். தம்பி, எந்தக் கார் எண்டாலும் எனக்கு ஒண்டுதான். நீங்கள் ஆருக்கும் குடுங்கோ."

இனி அவ்வளவுதான் என்று சாஹுல் ஹமீட் நினைத்தான். திரும்பி வீட்டுக்குப் போய்க் கலண்டர்த் தாள். காரைக் கிளப்பத் திறப்பில் கையை வைத்தான்.

"அவ்வளவு தூரத்துக்கு," என்று தொடங்கினார் பஸ்தியாம்பிள்ளை. செருமிக்கொண்டு மறுபடியும் தொடங்கினார். "அவ்வளவு தூரத்துக்கு இந்தப் பின்சீற் சரிவராது. உம்மட முழங்கால் மடங்கேலாது."

அவரே விரலை மடித்து எண்ணத் தொடங்கினார்.

"ஏழு மணித்தியாலம் இருக்க வேணும். புத்தளத்தில ஒருக்கா இறங்கி நடக்க வேணும்."

"அநுராதபுரத்திலயும் இறங்க வேணும்," என்றார் மேரி ரோஸ்.

"ஓம். அநுராதபுரத்திலயும்." பூச்சியிலிருந்து கண்ணை எடுத்து, "அந்தப் பெரிய பிள்ளைக்கு இப்ப எத்தினை வயது?" என்று கேட்டார்.

"எட்டு."

"அவவுக்கும் ஏதும் வாங்கிக்கொண்டுதானே போக வேணும்."

மேரி ரோஸ் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை ஒற்றிக்கொண்டார். அழுகிறாரா, மணலைத் துடைக்கிறாரா என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "முதல்ல இந்தச் சீற்றில ஒருக்கா இருந்து பாத்திட்டுக் கதையுங்கோ," என்றார். "முன்னுக்கு நீட்டி நிமிந்து இருந்துகொண்டு பின்சீற்றுக்கு ஞாயம் சொல்லுறியள்."

பஸ்தியாம்பிள்ளை கதவைத் திறந்து இறங்கினார். காற்று அவருடைய சேர்ட்டை முதுகில் ஊதிப் பெருப்பித்தது. காரின் பின்பக்கமாகச் சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தார். மற்றக் கால் வரவில்லை. கூரையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, முனகிக்கொண்டு, மெல்ல மெல்ல உடம்பை உள்ளே கொண்டுவந்தார். இரண்டு முழங்கால்களும் சாஹுல் ஹமீடின் முதுகில் வந்து முட்டின.

டாஷ்போர்டில் கிடந்த போன் அதிர்ந்தது. றெனால்ட். சாஹுல் ஹமீட் அதை எடுத்தான். காதில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். இடது கையால் இவ்வளவு நாளும் பஸ்தியாம்பிள்ளை இருந்த வெறும் சீற்றை, பின்னாலிருப்பவர்களுக்குக் கொஞ்சம் இடம் வரட்டுமென்று, முன்னுக்குத் தள்ளிவிட்டான். பிறகுதான் அவர் அந்தச் சீற்றுக்குப் பின்னால் இல்லை, தனக்குப் பின்னால்தான் இருக்கிறார், இடம் வந்தது ரீச்சரின் முழங்காலுக்குத்தான் என்பது உறைத்தது.

கண்ணாடியில் பார்த்தான். மேரி ரோஸ், இருவருக்கும் நடுவில் கிடந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.