சீ என்றால் நாலு

மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முந்தானையால் துடைத்துக்கொண்டே எண்ணச் சொல்லிக்கொடுத்தாள் கமலவேணி. கிளேபாங் கிராமத்தில் மரவள்ளிக்கு மண் கொத்தப் போகும் பெண்கள், வழியில் காஜா பெராங்கில் இருந்த அந்தப் பிள்ளைக் கொட்டகையில்தான் விடியும்போதே பிள்ளைகளை விட்டுப் போவார்கள். தகப்பன்மாரில் பாதிப்பேரை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போயிருந்தான்.

"இச்சி, நீ, சான், சீ, கோ!"

ஒன்று முதல் ஐந்து வரை ஜப்பான் மொழியில் சொல்லியாக வேண்டும் என்பது உத்தரவு. பிள்ளைகள் மனதில் நிற்கவில்லை. அதனால் அவள் ஒரு வேடிக்கை கண்டுபிடித்தாள். 'நீ' என்றதும் எதிரில் இருப்பவரைச் சுட்ட வேண்டும். 'சீ' என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டும். ஒரே நாளில் எல்லோருக்கும் வந்துவிட்டது. குட்டி ஜெயா 'சீ' சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கொட்டகையில் சம்பளமாகக் கொடுக்கிற அரிசி அரை வயிற்றுக்குக்கூடக் காணாது. அந்தச் சிரிப்புக்காகத்தான் கமலவேணி வந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் பார்வையிட வந்த ஜப்பான் அதிகாரியை நோக்கி ஜெயா விரல் நீட்டினாள். "நீ!" பிறகு மூக்கைச் சுளித்தாள். "சீ!" கொட்டகையே சிரித்தது.

அடி கமலவேணியின் கன்னத்தில் விழுந்தது.

அவன் போனதும், கொட்டகைக் கணக்கு எழுதும் கிராணி கலியாணசுந்தரம் குதித்தார். "என்னாம்மா வெளையாட்டு இது? அடுத்த வாரம் திரும்ப வர்றாராம். ஒரு புள்ள சிரிச்சாலும் கொட்டாய சாத்திடுவாங்க. ஒனக்கும் வேல இல்ல, இதுங்களுக்கும் கஞ்சி இல்ல."

"சின்னப் புள்ளைங்க ஐயா. சிரிப்ப எப்படி நிறுத்துறது?"

"அவரு எப்படி நிறுத்துனாரு?"

மற்றப் பிள்ளைகள் பயந்து அடங்கிவிட்டார்கள். ஜெயாவால்தான் முடியவில்லை. 'சீ' வந்ததும் உதடு துடிக்கும், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிடும். கமலவேணி முதலில் கெஞ்சினாள். பிறகு கிள்ளினாள். கடைசியில் அறைந்தாள். பாழாய்ப்போன பிழைப்பு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அறைந்தாள்.

அதிகாரி வந்தபோது பிள்ளைகள் கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து எண்ணினார்கள். ஒரு பல்கூடத் தெரியவில்லை.

"நல்ல டீச்சருன்னு சொல்றாரும்மா!" கிராணிக்கு வாயெல்லாம் பல்.

அன்று சாயங்காலம் ஜெயாவின் அம்மா பொன்னம்மா வரத் தாமதமானது. மற்றவர்கள் போய்விட்டார்கள். கமலவேணி ஜெயாவை மடியில் இருத்திக்கொண்டாள். கண்ணை உருட்டி, மூக்கைச் சுளித்து, "சீ!" என்றாள்.

ஜெயா மடியிலிருந்து இறங்கினாள். கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து நிமிர்ந்து நின்றாள்.

"கோ," என்றாள்.