புகையில்லாத அடுப்பு

குமுளிக் கடைக்காரர் இரண்டு அடுப்புகளையும் மேசைமேல் எடுத்து வைத்தபோதே ஜின்சி முடிவு செய்துவிட்டாள், காஸ் வேண்டாம் என்று. காஸ் என்றாலே அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். போன வருஷம் கீழ் லயத்து எஸ்டேட் வரிசை வீடு ஒன்றில் சிலிண்டர் வெடித்து, கூரைத் தகரம் பறந்துபோய் தேயிலைக்குள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். அன்றிலிருந்து மகள் ஜோமோளை அடுப்படிப் பக்கமே விடுவதில்லை. ஒன்பது வயது, ஒரே பிள்ளை. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் அப்புறம் எனக்கு இந்த மலையில் என்ன வேலை என்று ஜின்சி வாய்விட்டே சொல்வாள்.

அவள் புருஷன் டிஜோவுக்கோ காஸ் அடுப்பின்மேல் கண். சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஓட்டம் இல்லாத நேரமெல்லாம் போனில் வீடியோ. பீர்மேட்டில் அவர்கள் லயத்துக்கு மேலே, ஜீப் முதலாளியின் ஏலக்காட்டு மேட்டில் இரண்டு கூடாரம் அடித்து ஆள் தங்க வைக்கலாம் என்ற யோசனையும் அந்த வீடியோவில் இருந்து வந்ததுதான். முதல் விருந்தாளிகள் சனிக்கிழமை வருகிறார்கள். கொச்சியில் இருந்து ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு.

"பாத்தியா ஜின்சி, அடுப்பு, காஸ் டப்பா, மூடி எல்லாம் இந்தக் கப்புக்குள்ளயே போயிருது. பைக்குள்ள போட்டா இருக்கிற எடமே தெரியாது" என்று அவன் அதை மாற்றி மாற்றி அடுக்கிக் காட்டினான்.

"அது கப்பு இல்லங்க, குண்டு. பிள்ளைங்க தங்குற எடத்துல குண்டக் கொண்டுபோயி வப்பீங்களா?"

மற்றது எவர்சில்வரில் சின்ன உருளை. அடியில் சுற்றிலும் ஓட்டைகள். குச்சியோ கரியோ போட்டு எரிக்கலாம். அதோடு மடக்குகிற பிடி வைத்த இரண்டு குவளைகள், ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து, மொத்தமும் அடுப்புக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஜின்சிக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கங்கு அவளுக்குப் பிறந்ததில் இருந்து தெரிந்த சங்கதி.

"இதுல கரி போட்டா புகையே வராது சேச்சி" என்றார் கடைக்காரர். "ஆனா வெளிய வச்சு மட்டும் எரிச்சா மதி, உள்ள வேண்டா."

பெட்டியிலும் அதைப் படமாகப் போட்டிருந்தது. ஒரு கூடாரம், அதற்குள் அடுப்பு, மேலே சிவப்பில் பெருக்கல் குறி.

"துணி தீப்பிடிச்சிரும்னு போட்டிருக்கான்" என்றாள் ஜின்சி. "அதுக்கென்ன, கீழ செங்கல் வச்சு நடுவுல வச்சுக்கிடலாம்."

டிஜோவும் தலையை ஆட்டினான். கடைக்காரர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவர்கள் கரி அடுப்பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

ஜின்சியின் வீடு லயத்தில் கடைசி வீடு. காற்று முதலில் மோதுவது அதில்தான். சுவர் முடிந்து கூரைத் தகரம் தொடங்கும் இடத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு நீள இடுக்கு. மார்கழியில் அந்த வழியாகப் பனி மஞ்சு உள்ளே இறங்கி, போர்வையெல்லாம் ஈரம் கோத்துவிடும். அதை அடைத்துத் தாருங்கள் என்று கல்யாணமான முதல் வருஷத்தில் இருந்து ஜின்சி கேட்கிறாள். நாளைக்கு என்பான் டிஜோ. அவனுடைய நாளைக்கு எந்தக் காலண்டரிலும் வராது. அந்தக் குளிருக்கு அவள் கண்ட வழி, லயத்தில் எல்லோரும் கண்ட வழிதான். ராத்திரிச் சமையல் முடிந்ததும் அடுப்பில் மிஞ்சிய கங்கை இரும்புச் சட்டியில் அள்ளி வாசலில் வைப்பார்கள். புகை முழுக்க அடங்கியபின் வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்துக்கொள்வார்கள். புகை அடங்காமல் உள்ளே கொண்டுவரக்கூடாது. புகை அடங்கிவிட்டால் கங்கு சாது. லயத்துப் பிள்ளைகள் அத்தனையும் அந்தச் சூட்டில் தூங்கி வளர்ந்தவை.

கூடாரத்துக்குள் தரையில் விரிக்க டிஜோ வாங்கிய பஞ்சு மெத்தையில் மிச்சத் துண்டுகள் வீட்டு மூலையில் கிடந்தன. வியாழக்கிழமை காலையிலும் ஜின்சி சத்தம் போட்டாள்.

"ஊரான் படுக்க மெத்தை விரிக்கத் தெரியுது. சொந்த வீட்டு இடுக்க அடைக்க ஒரு துண்டு எடுக்க முடியல."

"நாளைக்கு அடச்சிருதேன் பிள்ள" என்றான் அவன்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் மேட்டுக்குப் போனார்கள். விருந்தாளி வருவதற்கு முன் நாமே ஒருதரம் இருந்து பார்க்க வேண்டும் என்று சொன்னது ஜின்சி. கிறிஸ்துமஸ் லீவில் இருந்த ஜோமோளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தூறல் பிடித்துக்கொண்டது. மஞ்சு கீழிருந்து ஏறி, பக்கத்துக் கூடாரமே தெரியாமல் போனது. அடுப்பை வெளியில் வைத்துக் கரி பற்றவைத்தார்கள். காற்றில் கொஞ்ச நேரம் புகைந்து, பிறகு சிவந்து அடங்கியது. குவளைகளில் பாலில்லாத கட்டன் சாயா கொதித்தது. ஒன்றில் டிஜோ குடித்தான், ஒன்றை அம்மாவும் மகளும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

"அம்மா, விறைக்கு" என்றாள் ஜோமோள்.

ஜின்சி அடுப்பைக் குனிந்து பார்த்தாள். புகை இல்லை. கூடாரத்தின் நடுவில் செங்கலை வைத்து, அதன்மேல் அடுப்பை வைத்தாள். இன்னும் இரண்டு கரித்துண்டு போட்டாள். துணியில் இருந்து எட்டத்தில் இருக்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கூடாரம் கதகதவென்று ஆகிவிட்டது. டிஜோ காலை நீட்டிப் படுத்தான். பிள்ளை அவன் வயிற்றில் தலை வைத்து போன் பார்த்தாள்.

"சனிக்கிழம கொச்சிக்காரங்க இத விட்டுட்டுப் போகவே மாட்டாங்க" என்றான் டிஜோ, கொட்டாவி விட்டுக்கொண்டு.

"நான் போயி கம்பளியும் சோறும் எடுத்துட்டு வாரேன். அடுப்புப் பக்கம் உருளாதீங்க."

"அம்மா, தலை வலிக்கு."

"போனையே பாத்துட்டு இருந்தா வலிக்காம என்ன செய்யும்? அதக் கீழ வையி."

அவளுக்கும் நெற்றிப்பொட்டில் லேசாகத் தெறித்தது. மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டாள். வெளியே வந்து, குளிர் ஏறாமல் இருக்கக் கூடாரத்தின் ஜிப்பை அடிவரை இழுத்து மூடினாள்.

தேயிலைக்கு நடுவே லயத்துக்கு இறங்கும் பாதையில் நடக்க நடக்கத் தலைவலி விட்டுவிட்டது. வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் நனைந்து தொங்கியது. கம்பளியை எடுத்து வைத்தாள். சோற்றைத் தூக்குச் சட்டியில் போட்டாள். அப்போதுதான் மூலையில் கிடந்த மெத்தைத் துண்டுகள் கண்ணில் பட்டன. இந்த மனுஷன் செய்யப்போவதில்லை, நாமே அடைத்துவிட்டால் என்ன என்று ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

ஒரு துண்டைச் சுருட்டி இடுக்கில் திணிக்கக் கையை உயர்த்தினாள். காற்று விரல்களின்மேல் சில்லென்று பாய்ந்தது. இத்தனை கிட்டத்தில் அந்த இடுக்கை அவள் பார்த்ததே இல்லை. சுவர் விளிம்பும் தகரமும் கன்னங்கரேலென்று இருந்தன. தொட்டால் விரலில் அப்பியது. கங்குச் சட்டியில்தான் புகையே கிடையாதே, கட்டிலுக்கு நேர் மேலே எப்படி இவ்வளவு கரி? இத்தனை வருஷமாக அந்தச் சட்டியில் இருந்து ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் ஏறி, இந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

அந்த ஏதோ ஒன்றுக்குக் கூடாரத்தில் வழி எங்கே?

பெட்டிமேல் இருந்த படம் நினைவுக்கு வந்தது. சிவப்புக் குறி. அந்தப் படத்தில் தீயே இல்லை. கூடாரம் எரிவதாக ஒன்றும் போடவில்லை. எரியும் என்று சொன்னது அவள்தான்.

ஜிப்பை மூடியதும் அவள்தான்.

ஸ்டூலில் இருந்து குதித்ததில் தூக்குச் சட்டி உருண்டது. டிஜோ போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பிள்ளையின் கையில் இருக்கிற போன், முதல் மணியிலேயே எடுக்கிற பிள்ளை. எடுக்கவில்லை. கதவோரம் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவிக்கொண்டு வெளியே ஓடினாள். ஏன் அதை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. தேயிலை வெட்டுகிற கை, அவசரம் என்றால் அதைத்தான் தேடும்.

"சோலை அண்ணே! ஜீப்ப எடுத்துட்டு மேட்டுக்கு வாங்க! என் பிள்ள செத்துரும்ணே!"

பக்கத்து வீட்டு சோலையும் ஜீப் ஓட்டுகிறவன். எதற்கு என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. நின்று பதில் சொல்ல நேரமில்லை.

பாதை வழுக்கியது. இரண்டு தடவை விழுந்தாள். போனை விடாமல் திரும்பத் திரும்ப அடித்தாள். மஞ்சுக்குள் எங்கோ மேலே அந்த மணிச் சத்தம் கேட்டது. ஓட ஓடச் சத்தம் கிட்டே வந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. மாதாவே, என் மாதாவே என்று மூச்சோடு மூச்சாகச் சொல்லிக்கொண்டே ஓடினாள். பிள்ளையை எடுத்துவிடாதே, நான் மூடிய ஜிப்பு அது, பிள்ளை மூடியதில்லை.

கூடாரம் அமைதியாக நின்றது. உள்ளே கங்கின் சிவப்பு துணி வழியாக மங்கலாகத் தெரிந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. "ஜோமோள்!" என்று கத்தினாள். ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். துணியைக் கடித்துக்கொண்டு அது பாதியில் நின்றது. இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கவில்லை. கத்தியை ஓங்கி, புதுக் கூடாரத்தை மேலிருந்து கீழ்வரை கிழித்தாள்.

பிள்ளையின் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். உடம்பு துணிமூட்டையாக வந்தது. கன்னத்தில் அறைந்தாள். தூறல் முகத்தில் விழ, நெஞ்சோடு சேர்த்துக் குலுக்கினாள். ஒன்றுமில்லை. மறுபடி அறைந்தாள். திடீரென்று ஜோமோள் ஒரு பெரிய மூச்சை இழுத்து, குடித்த சாயாவையெல்லாம் அம்மாவின் மடியில் கக்கினாள். பிறகு அழுதாள். அந்த அழுகையைப்போல ஒரு நல்ல சத்தத்தை ஜின்சி அதுவரை கேட்டதில்லை.

பிள்ளையைப் புல்லில் கிடத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். டிஜோ கனத்தான். கக்கத்தில் கைகொடுத்து இழுத்தாள். செங்கல் புரண்டது, அடுப்பு கவிழ்ந்தது, கங்கு மெத்தையில் சிதறிக் கருகல் நாற்றம் எழுந்தது. அவள் பார்க்கவில்லை. தலையும் தோளும் வெளியே வந்தபோது சோலையின் ஜீப் விளக்கு மஞ்சுக்குள் மஞ்சளாகத் தெரிந்தது. டிஜோ முனகினான். கண்ணைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் மூக்கோடு சேர்த்து முகமூடி போட்டு ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிள்ளை சீக்கிரம் தெளிந்தாள். டிஜோ கண் விழித்து, இது எந்த இடம் என்று கேட்கும்வரை ஜின்சி பெஞ்சில் உட்காரவே இல்லை.

"கரிக்குப் புகை வராட்டியும் விஷக்காத்து வரும் மோளே. மணமும் இருக்காது" என்றார் டாக்டரம்மா. "இன்னும் கொஞ்சம் வைகி வந்திருந்தா ரெண்டு பேரையும் உயிரோட கிட்டியிருக்காது."

"வீட்டுல தெனமும் வைக்கோமே டாக்டர். ஒண்ணும் ஆனதில்லையே."

"மேல திறப்பு உண்டா?"

"உண்டு. இவருதான் அடைக்கல." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. அங்கேயே நின்று அழுதாள்.

"அது உங்க பாக்யம். இனி அத நம்பியும் வைக்கண்டா" என்றார் டாக்டரம்மா.

கொச்சிக் குடும்பத்தை வரவேண்டாம் என்று ஜின்சியே போன் பண்ணிச் சொன்னாள். அந்தக் கைக்குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமும் தூறல்தான். அந்த எவர்சில்வர் அடுப்பை வாசல் படிக்கு வெளியே, திறந்த வானத்துக்குக் கீழே வைத்துக் கட்டன் போட்டாள். அன்றைய இழுபறியில் மிதிபட்டுக் குவளைகள் நெளிந்திருந்தன, ஒழுகவில்லை. கரி தணிந்ததும் அடுப்பை உள்ளே கொண்டுவரவில்லை. கங்கில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். கங்குச் சட்டி காலியாகப் படியோரம் கவிழ்ந்து கிடந்தது.

ஜோமோள் இருக்கிற போர்வையெல்லாம் போர்த்திக்கொண்டு சுவரோரம் தூங்கினாள். அவளுக்கு மேலே இடுக்கு வழியாக மஞ்சு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. டிஜோ குவளையைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்தான். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. பாவம், பெண்டாட்டிக்கு ஒரு நல்லது செய்ய வேண்டும் என்று அவனுக்கு இப்போதுதான் தோன்றியது போலிருக்கிறது. குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மூலையில் கிடந்த மெத்தைத் துண்டை எடுத்தான்.

"நாளைக்கு நாளைக்குன்னு இனிமே சொல்ல மாட்டேன் பிள்ள. இப்பவே அடச்சிருதேன்."

"அதுல கைய வச்சீங்க" என்றாள் ஜின்சி, "கைய ஒடிச்சிருவேன்."