தங்கூசி வலைக்குள் வைக்கோல்

குளத்தைப் பாசி பச்சைப் பாயாய் மூடிக்கிடந்தபோது, அதைக் கொல்லத் துருசு மருந்து போடக் கூடாது என்று ஊரோடு மல்லுக்கு நின்றவள் மர்ஷூதா. துருசு பாசியோடு மீனையும் கொல்லும், மீனை நம்பி வரும் நீர்க்காகங்களும் போய்விடும் என்றாள். வைக்கோலைக் கட்டி மிதக்கவிட்டால் அது ஊறி அழுக அழுகப் புதுப்பாசி பிடிக்காது, ஒரு உயிருக்கும் சேதமில்லை என்று வாக்குக் கொடுத்தாள். குடிநீர்ச் சங்கத் தலைவர் மக்பூல் அரைமனதோடுதான் தலையாட்டினார். அந்தத் தண்ணீரைக் குடித்து அவர் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருந்தாள், அவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து பார்ப்பேன், சரிவராவிட்டால் துருசு மூட்டையை அவிழ்ப்பேன் என்று சொல்லிவிட்டார்.

வைக்கோலை எதில் கட்டுவது? மீன்பிடிக்கிற ஊரில் இதுவும் ஒரு கேள்வியா? வீட்டுக்கு வீடு கிழிந்த தங்கூசி வலை கிடந்தது. கண்ணுக்கே தெரியாத அந்த நைலோன் இழைக்குள் வைக்கோலைத் திணித்துப் பொதி பொதியாய் இறக்கினார்கள். கிழிந்தாலும் வலை வலைதான் என்பது கடலோடு வளர்ந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடியும் நேரம் மர்ஷூதா கரைக்கு வந்தாள். ஓரத்தில் தண்ணீர் தெளிந்திருந்தது. அவள் நெஞ்சு குளிர்ந்தது. அப்போதுதான் ஒரு பொதியில் ஏதோ படபடத்தது. வைக்கோலடியில் ஒதுங்கிய மீனைத் துரத்திப் போன நீர்க்காகம், கழுத்து இறுகித் துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று செத்தே போயிருந்தது.

கத்தியோடு தண்ணீரில் இறங்கினாள். பள்ளிவாசல் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. செத்ததைச் சேற்றில் அமுக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கை அதைத் தொட்டும்விட்டது. மற்றது இன்னொருமுறை உதறியபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இழையை அறுக்கத் தொடங்கினாள்.

மூட்டையோடு வந்த மக்பூல் கரையில் நின்றார். "ஒரு உசிருக்கும் சேதமில்லண்டு சொன்னீங்க, தங்கச்சி."

அவள் செத்த பறவையைத் தூக்கிக் காட்டினாள். "ஓம் மக்பூல் நானா, சொன்னன். இத சாகடிச்சது வைக்கோல் இல்ல, நான் கட்டின வலை. எல்லாத்தையும் அறுக்கப்போறன்."

அறுத்தால் வைக்கோல் கலையும், பாசி திரும்பும், மூட்டை அவிழும். இருவருக்கும் அது தெரியும்.

கடைசி இழை அறுந்தது. விடுபட்ட நீர்க்காகம் அவள் மணிக்கட்டில் ஒரு கொத்துக் கொத்திவிட்டு, பயத்தில் நேரே அடுத்த பொதிக்கடியில் முங்கியது. மர்ஷூதா பதறிப் பாய்ந்தாள். சேறு காலை இழுத்தது. எட்டவில்லை. அந்தப் பொதி குலுங்கத் தொடங்கியது.

மூட்டை கரையில் விழுந்தது. ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளைச் சட்டையோடு மக்பூல் அந்தப் பொதியை நோக்கி நீந்திக்கொண்டிருந்தார். பறவையை நெஞ்சோடு அணைத்து இழையைப் பல்லால் கடித்து அறுத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"வைக்கோல விட்டுராதீங்க தங்கச்சி, புடிச்சிக்கொள்ளுங்க," என்றார். "தேங்காத் தும்புக் கயிறு கொண்டரச் சொல்றன், வலைக்குப் பதிலா அதால கட்டுவம்."