கங்காணி வாங்கிக் குடுத்த லீவு

கோழி கூப்பிடுற நேரத்துல இராக்கம்மா செத்துப் போனா. காய்ச்சல்தான். தோட்டத்து மருந்தையும் கசாயத்தையும் மாத்தி மாத்திக் குடுத்தும் கேக்கல. புருசன் அழகையாவுக்கு உக்காந்து அழவும் கொடுத்து வைக்கல. இலங்கையில லுணுகலைக்கு மேல இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அவன்தான் தப்பு மேளம் அடிக்கிற தப்புக்காரன். விடியக்காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துல நின்னு அவன் தப்படிச்சாத்தான், வரிசை வீடுகளா இருக்கிற லயத்துச் சனம் வேலைக்கு இறங்கும்.

அங்க ஒரு வழக்கம். லயத்துல சாவு விழுந்தா பெரட்டு இல்ல. ஆளுங்கள வேலை வாங்குற பெரிய கங்காணி தோட்டத்துத் தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவாரு, லீவு கிடைச்சிரும். ஆம்பளைங்க குழி வெட்டுவாங்க, பொம்பளைங்க மாரடிச்சு அழுவாங்க. போன மழையில கங்காணியோட ஆத்தா செத்தப்ப மலையில கொழுந்து பறிக்க ஆளில்லாம முத்திப் போயிக் கிடந்துச்சு. எவனாவது வாயத் தொறந்தானா?

அழகையா பெரிய கங்காணி வீட்டுப் படிக்குக் கீழயே நின்னான். கீழ் லயத்துல இருக்கிற அவன் சாதிக்காரன் படியேறக் கூடாதாம்! கம்பளியப் போத்திக்கிட்டு சிதம்பரம் கங்காணி வெளிய வந்தாரு.

"அய்யா, எம் பொஞ்சாதி போயிட்டாளுங்க. தொரைகிட்டச் சொல்லி லீவு வாங்கிக் குடுங்க."

"கொழுந்து மண்டிக் கிடக்குடா. கீழ் லயத்துச் சாவுக்கெல்லாம் தோட்டத்த நிறுத்தவா? போயி பெரட்டு அடி. சாயந்தரமா எடுத்துக்கலாம்."

"குழி வெட்ட ஆளு வேணுமுங்க."

"அடிக்கலேன்னா பேர வெட்டி பத்துச்சீட்டுதான். பொணத்தத் தூக்கிக்கிட்டு லயத்தக் காலி பண்ணு."

அழகையா படிய விட்டுத் திரும்பினான். வேலையும் போயி, லயமும் போயிட்டா எங்க போறது? சர்க்காரு ஓட்டுரிமையப் பிடுங்கின பிற்பாடு நாய்கூட மதிக்காத சனமாப் போச்சு. ஆனா கங்காணி ஆத்தாவுக்கு நின்ன தோட்டம், காலமெல்லாம் இந்த மலையில கொழுந்து கிள்ளின இராக்கம்மாவுக்கு நிக்காதா?

தோட்டத்துத் தப்பத் தோள்ல மாட்டிக்கிட்டு களத்துக்குப் போனான். தம்பி இராமையா பின்னாலயே வந்தான். சத்தம் கேக்காததால என்னமோ ஏதோன்னு சனமும் ஒவ்வொண்ணா வந்து கூடிருச்சு. கங்காணியும் பிரம்போட வந்து நின்னாரு.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற? அடி!"

அழகையா தப்பக் கழட்டி அவரு காலடியில வச்சான். குச்சிகளையும் அதுமேலயே வச்சிட்டு, கையக் கட்டிக்கிட்டுப் பின்னால நகந்தான். "என் கை ஓடலைங்க. வேற யாராச்சும் அடிக்கட்டும்."

கங்காணி இராமையாவப் பாத்தாரு. "செத்தது எங்க அண்ணிங்க"ன்னு அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். மேல் லயத்து ஆளுங்களப் பாத்தாரு. அவனவன் ரெண்டடி தள்ளிப் போனான். மாட்டுத்தோலுல்ல! தொட்டவன் வீட்டுல அப்புறம் எவன் கை நனைப்பான்?

அந்த நேரம் பாத்து தொரையோட மோட்டார் சைக்கிள் வந்து நின்னுச்சு.

"கங்காணி! பெரட்டு எங்கே?"

"தப்புக்காரன் அடிக்க மாட்டேங்கிறானுங்க, தொரைகளே."

தொரை கீழ கிடந்த தப்பப் பாத்தாரு. அவருக்கு அது ஒரு சாமான், அவ்வளவுதான். "தப்பு இருக்கு. உனக்குக் கை இருக்கு. நீ அடி!"

கங்காணி மூஞ்சி சுண்டிப் போச்சு. வாற தையில கொஸ்லாந்தப் பக்கத்துக் கங்காணி வீட்டுல மகளக் குடுக்கிறதா வெத்தில மாத்தியாச்சு. இத்தன பேரு பாக்க தப்பத் தொட்டாருன்னு தெரிஞ்சா அந்தச் சம்பந்தம் அத்தோட சரி.

"அடி, மேன்!"

கங்காணி குனிஞ்சாரு. அழகையா அவரு கையையே பாத்துக்கிட்டிருந்தான். இவரு தொட்டுட்டா எல்லாம் போச்சு. சனம் மலைக்குப் போயிரும், இராக்கம்மா பொழுது சாயிற வரைக்கும் கேப்பாரத்துக் கிடப்பா. கங்காணியோட கை குச்சிகிட்டப் போச்சு. அப்படியே நின்னுருச்சு.

சட்டுன்னு நிமிந்து தலப்பாவ அவுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டாரு.

"தொரைகளே, லயத்துல சாவு விழுந்திருக்குங்க. தோட்டத்து வழக்கமுங்க. இன்னிக்கு லீவு குடுக்கணும்."

"ஏன் முன்னே சொல்லலே?"

தொரை என்னமோ இங்கிலீசுல திட்டிட்டு, "சரி, லீவு"ன்னு வண்டியத் திருப்பிட்டாரு.

வண்டிச் சத்தம் அடங்கினதும் கங்காணிக்கு மிடுக்குத் திரும்பிருச்சு. தலப்பாவக் கட்டிக்கிட்டே, "வாங்கிக் குடுத்துட்டேன்ல? விழுந்து கும்பிட்டுட்டுப் போடா" அப்படின்னாரு. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!

அழகையாவுக்குக் கண்ணுல தண்ணி முட்டுச்சு. "அவளுக்காகக் கேட்டிருந்தா விழுந்திருப்பேனுங்க. நீங்க உங்க கைக்காகல்ல கேட்டீங்க."

சொல்லிட்டு நடந்தான். கீழ் லயத்து ஆம்பளைங்க பின்னாலயே போனாங்க. மேல் லயத்துலருந்து, இராக்கம்மாவுக்குப் பக்கத்து வரிசையில நிரை பிடிச்சுக் கொழுந்தெடுத்த பெரியாயி மட்டும் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு அவங்களோட இறங்கினா. மத்ததுங்க லீவுன்னதும் வீட்டப் பாக்கப் போச்சுங்க.

"டேய்! தொரையோட தப்புடா! எடுத்துட்டுப் போடா!" கங்காணி கத்தினாரு.

அழகையா திரும்பவே இல்ல. "அவள மண்ணுல வச்சிட்டு வந்து எடுக்கிறேனுங்க. அதுவரைக்கும் நீங்க பாத்துக்குங்க."

மழை தூற ஆரம்பிச்சுச்சு. நனைஞ்சா தோலு கெட்டுப் போகும், தொரைக்கு யாரு பதில் சொல்றது? கங்காணி சுத்திமுத்திப் பாத்தாரு. எடுக்கச் சொல்ல களத்துல ஒரு ஆளு இல்ல. போத்தியிருந்த கம்பளிய உருவி, விரலு படாம எட்ட நின்னு தப்பு மேல வீசிட்டு, மழையில நனைஞ்சுக்கிட்டே காவல் நின்னாரு.